எலி போன பாதை: ஒரு மாரிகாலத்தில் புகையிலை, கூரை, கார்

மாமாவின் அலுமாரியைத் திறந்தபோது முதலில் வந்தது வனிலா மணம். அடுத்த மூச்சில் மூத்திர நெடி. லண்டனில் இருக்கும் மாமா வருசத்துக்கு ஒருமுறை திருகோணமலை உவர்மலை வீட்டுக்கு வந்து ஒரு மாதம் நிற்பார். பைப் பிடிப்பதற்கான புகையிலையை வரும்போதெல்லாம் கொண்டுவந்து, மிச்சத்தை அடுத்த முறைக்கென்று வைத்துவிட்டுப் போவார். வீட்டுக்குப் பொறுப்பு நான். ஐப்பசி மழை தொடங்கி இரண்டாம் கிழமை திறந்து பார்த்தால், 250 கிராம் வீதம் ஆறு பிளாஸ்ரிக் சிப் பைகளில் நாலு கிழிந்து கிடந்தன. கீழ்த்தட்டு முழுக்கப் புகையிலைத் தூளும் புழுக்கையும். மாமாவுக்கு எப்படிச் சொல்வதென்று இரண்டு நாள் யோசித்தேன். அந்த இரண்டு நாளில் வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்திருந்தால், அடுத்த மூன்று மாதத்தில் போன 91,300 ரூபாவில் பாதியாவது மிஞ்சியிருக்கும்.

புகையிலை கசப்பு, நிக்கொட்டின் நஞ்சு, எலி எப்படித் தொடும் என்று பலரும் கேட்டார்கள். எலி அதைச் சாப்பாடாக எண்ணி வருவதில்லை. பைப் புகையிலை பலதில் சீனி, கொக்கோ, அதிமதுரம், வனிலா, ரம் என்று ஏதாவது ஏற்றியிருப்பார்கள். அந்த இனிப்பு மணம்தான் அழைப்பு. உள்ளே போனபிறகு மென்மையான, உலர்ந்த, நார் போன்ற ஒரு பொருள் கிடைக்கிறது. கூடு கட்ட அதைவிட நல்லது வேறென்ன? பிளாஸ்ரிக் பை எலிப் பல்லுக்கு ஒரு பொருட்டே இல்லை. காற்றை உறிஞ்சி ஒட்டிய தடித்த பையும் அப்படித்தான். அதே தட்டில் ரப்பர் வளையம் போட்ட தகர மூடியோடு நாலு கண்ணாடிப் போத்தல் இருந்தன. அவற்றில் ஒரு கீறல்கூட இல்லை. 50 கிராம் தகர டின் பதினாலில் பதினொன்று நல்லபடி. மூன்றில் மூடி விளிம்பு கடற்காற்றில் துருப்பிடித்து உள்வெற்றிடம் போயிருந்தது. அது எலி செய்ததல்ல, திருகோணமலை செய்தது.

கிழியாத இரண்டு பையைக் காப்பாற்றலாமா என்று ஆசைப்பட்டேன். வெளிப்பக்கத்தில் மூத்திரக் கறை. சிப் வாயின் மடிப்புக்குள்ளும் ஈரம் இறங்கியிருந்தது. எலி போகிற வழியெல்லாம் சொட்டுச் சொட்டாக மூத்திரம் விட்டுக்கொண்டே போகும் பிராணி. அப்படிப் பட்ட எதையும் உலர்த்தி, மணந்து பார்த்து, வாயில் வைக்கும் பொருளாக வைத்திருக்கக் கூடாது. ஒன்றரைக் கிலோவும் குழிக்குள் போனது. விலை என்னவென்று மாமா சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை.

துப்புரவில் நான் விட்ட பிழையைச் சொல்லவேண்டும். விளக்குமாற்றை எடுத்து நேரே கூட்டிவிட்டேன். காய்ந்த புழுக்கையும் மூத்திரத் தூளும் கிளம்பி மூக்குக்குள் போவது அப்படித்தான். சரியான முறை இதுதான்: முதலில் யன்னல்களைத் திறந்து அரைமணி நேரம் காற்றோட்டம். கையுறை போடவேண்டும். குளோரின் பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து, புழுக்கையும் கறையும் ஊற நனைத்து ஐந்து நிமிடம் விடவேண்டும். பிறகு கடதாசியால் ஒற்றி எடுத்து, பையில் கட்டி எறிந்து, அதே கலவையால் தட்டை இன்னொருமுறை துடைக்கவேண்டும். பிளீச்சோடு வேறெந்தத் துப்புரவுத் திரவத்தையும் கலக்கக் கூடாது. தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் வயலுக்குள் இறங்குகிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் பற்றிச் சொல்லித்தரத் தேவையில்லை, பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் அதற்கு முன்கூட்டியே டொக்சிசைக்ளின் குளிசை கொடுப்பதும் அவர்களுக்குத் தெரியும். பட்டணத்தில் இருக்கிற எங்களுக்குத்தான் அது வயல் வருத்தம் என்ற நினைப்பு. எலி மூத்திரம் கலந்த ஈரம் காலில் இருக்கும் சின்ன வெடிப்பு வழியாகவே உள்ளே போகும். துப்புரவாக்கிய பிறகு ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கண் சிவப்பு, கெண்டைக்கால் தசை நோவு என்று வந்தால் பனடோலோடு படுத்துக்கிடக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய், எலி எச்சம் துடைத்தேன் என்ற விசயத்தையும் சொல்லவேண்டும்.

அடுத்தது நஞ்சு. பக்கத்து வீட்டு அன்ரி மதிலால் எட்டிப்பார்த்து, "தம்பி, ரெண்டு கட்டி வாங்கிப் போடு, ஒரு கிழமையிலை எல்லாம் முடிஞ்சிடும்" என்றார். போட்டேன், முடியவில்லை. கடையில் கிடைக்கும் நீலமும் சிவப்புமான கட்டிகள் பெரும்பாலும் இரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை: புரோடிபாகம், புரோமடியோலோன். தின்ற எலி சாக நாலு முதல் ஏழு நாள் பிடிக்கும். அந்த நாட்களில் அது சோர்ந்து, தன் பதுங்கிடத்துக்குள்ளேயே போய்க் கிடக்கும். நஞ்சு தின்ற எலி தண்ணீர் தேடி வெளியே போய்ச் சாகும் என்று சொல்வதெல்லாம் வெறுங்கதை. எங்கள் வீட்டில் அவை சீலிங் பலகைக்கு மேலே செத்தன. பத்தாம் நாள் முன்னறையில் நிற்க முடியாத பிண நாற்றம். தச்சரைப் பிடித்து இரண்டு பலகை வெட்டி, மூன்று உடலை எடுத்து, பலகை மாற்றிப் பூச 18,000 ரூபா. வளவுக்கு வந்துபோகும் சாம்பல் பூனையை அதற்குப் பிறகு காணவில்லை. என்ன நடந்ததென்று தெரியாது. ஆனால் நஞ்சு தின்று தள்ளாடும் எலிதான் பூனைக்கு லேசில் அகப்படும், அந்த நஞ்சு பூனைக்குள்ளும் போகும் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. நாயோ பூனையோ அப்படித் தின்றது தெரிந்தால் உடனே மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். இதற்கு மாற்று மருந்து வைட்டமின் கே1, பல கிழமை தொடர்ந்து கொடுக்கவேண்டி வரும். சிங்க் பொஸ்பைட் என்ற கறுப்புத் தூள் வேறு ரகம். வயிற்றுக்குள் அமிலம் பட்டதும் பொஸ்பீன் என்ற நச்சு வாயு கிளம்பும், மாற்று மருந்தும் கிடையாது. வீட்டுக்குள் அதை வைக்கவே வேண்டாம்.

மார்கழி நடுவில் கார். ஒரு இரவு முழுக்கக் கொட்டிய மழைக்குப் பிறகு காலையில் எடுத்தால் என்ஜின் லைற் எரிகிறது. ரொயோட்டா அக்வா. வேகம் எடுக்கும்போது ஒரு தடுமாற்றம், பெற்றோல் வழக்கத்தைவிடக் கூடப் போனது. பொனட்டைத் திறந்தால் உட்பக்கப் பஞ்சுத் தகட்டில் கை அகலத்துக்கு ஓட்டை. பற்றரிக்குப் பக்கத்தில் அந்தப் பஞ்சும் மாங்கொட்டைத் தோலும் சேர்த்துக் கட்டிய கூடு. கண்ணாடி கழுவும் தண்ணீர்க் குழாய் துண்டாகிக் கிடந்தது. புகைக்குழாயில் இருக்கும் ஒட்சிசன் சென்சருக்குப் போகும் நாலு வயரில் இரண்டு செம்பு தெரியக் கடிபட்டிருந்தன. வளவில் கூரையோரம் நிற்கும் மாமரத்துக்குக் கீழேதான் நான் கார் விடுவேன். சீலிங்குக்குள் இருந்ததும் அலுமாரிக்குள் இருந்ததும் பொனட்டுக்குள் இருந்ததும் ஒரே கூட்டம் என்று அப்போதுகூடப் புத்தியில் உறைக்கவில்லை. மூன்று தொல்லையாக எண்ணி மூன்று இடத்தில் காசு கொட்டினேன்.

எலிக்கு வயர் உணவல்ல. அதன் முன்பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பதால் எதையாவது அரித்தே ஆகவேண்டும். மழை இரவில் சூடு ஆறாத என்ஜின் அதற்கு ஒரு குசினி அடுப்பங்கரை. முதல் கராஜில் ஸ்கான் பண்ண 3,500, வயர் வேலைக்கு 24,000. ஒன்பது நாள் கழித்து அதே இடத்தில் மறுபடி கடி, இன்னொரு 11,500. இரண்டாவது முறை போன ஓட்டோ எலெக்ட்ரீசியன் ஒரு வயசான ஐயா. முதல் வேலையைப் பார்த்துவிட்டு வயரை என் கையில் தந்து, "தம்பி, இதை மணந்து பாரும்" என்றார். எலி மூத்திரம். கூட்டை மட்டும் அகற்றி, கழுவாமல் விட்டிருந்தார்கள். அந்த வாசம் இருக்கும்வரை அடுத்த எலிக்கு அது வழிகாட்டும் பலகை. சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் கூடு இருந்த தட்டு, அதைச் சுற்றிய குழாய், பொனட்டின் உட்பக்கம் எல்லாவற்றையும் துடைக்கவேண்டும். பிரசர் வோஷ் பாய்ச்சக் கூடாது, தோல் போன வயருக்குள் தண்ணீர் ஏறிவிடும்.

அவர் வேலை செய்த விதத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதலில் பற்றரியின் நெகற்றிவைக் கழற்றினார். கடிபட்ட இடத்தோடு நிறுத்தாமல் இருபுறமும் தோலை உரித்துக்கொண்டு போனார். உள்ளே செம்பு கறுத்துப் பச்சை பிடித்திருந்தது. பளபளப்பான செம்பு வரும்வரை, கிட்டத்தட்ட இரண்டு அங்குலம், வெட்டி எறிந்தார். உப்புக்காற்றில் துரு வயருக்குள்ளாலேயே ஊர்ந்து போகும் என்பதால்தான் முறுக்கி இன்சுலேசன் ரேப் சுற்றும் வேலை இந்த ஊரில் நிலைப்பதில்லை. சாதாரண வயருக்கு அதே தடிப்பில் புதுத்துண்டு வைத்து, சொல்டர் பிடித்து, உட்பக்கம் பசையுள்ள, சூட்டில் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங் குழாய் ஏற்றிச் சூடாக்கினார். மூட்டுகளை ஒரே இடத்தில் வைக்காமல் படிப்படியாகத் தள்ளி வைத்தார். ஒட்சிசன் சென்சர் வயரில் மட்டும் சொல்டரைத் தொடவில்லை. அந்தச் சென்சர் ஒப்பிடுவதற்கான வெளிக்காற்றை வயரின் இழைகளுக்கு இடையாலேயே உள்ளே இழுக்கிறது, சொல்டர் உருகி ஓடினால் அந்தச் சந்து அடைபடும் என்றார். அதற்கு நசுக்கி இறுக்கும் கிரிம்ப் இணைப்புத்தான் போடவேண்டும். முதல் கராஜில் அதற்கும் சொல்டர்தான் பிடித்திருந்தார்கள். கடைசியில் எல்லாவற்றையும் நெளிகுழாய்க்குள் ஏற்றிக் கட்டினார். மிளகாய்க் காரம் ஏற்றிய வயர் ரேப் ஒன்று ஹொண்டா கம்பனி வெளிநாடுகளில் விற்கிறது. கிடைத்தால் வெளிச்சுற்றாகச் சுற்றலாம், காரம் என்றென்றைக்கும் நிற்காது.

அக்வா, பிரியஸ், வெசெல் என்று பெற்றோலிலும் மின்மோட்டரிலும் ஓடும் ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. ஆரஞ்சு நிறத் தடித்த வயரில் எலி கைவைத்திருந்தால் நீங்கள் கைவைக்காதீர்கள். அக்வாவின் ஹைபிரிட் பற்றரி 144 வோல்ற், மோட்டருக்குப் போகும்போது அது 520 வரை ஏற்றப்படும். ஹைபிரிட் வேலை தெரிந்தவரிடம் மட்டும் கொண்டுபோங்கள். அடுத்து, அந்தப் பற்றரியைக் குளிர்விக்கும் காற்று பின்சீற்றின் அடியிலுள்ள துளையால் போகிறது. பிள்ளைகள் சிந்திய பிஸ்கற் தூளைத் தேடி உள்ளே வந்த எலி அந்தத் துளைக்குள் பஞ்சு அடைத்திருந்தது. காற்றாடியைக் கழற்றித் துப்புரவாக்க 6,000. அதைக் கவனிக்காமல் விட்டிருந்தால் சூட்டில் பற்றரியே போயிருக்கும், அதன் விலைக்கு முன்னால் இந்த ஆறாயிரம் பெரிதாகத் தெரியவில்லை. டாஷ்போட் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் ஏசி பில்ட்டரையும் இழுத்துப் பாருங்கள். முன்கண்ணாடிக்குக் கீழே காற்று எடுக்கும் வாயால் இறங்கும் எலி முதலில் வந்து சேரும் இடம் அது. அங்கே கூடு இருந்தால் ஏசி போடும் ஒவ்வொரு முறையும் அந்தத் தூசி உங்கள் முகத்துக்கு நேரே வரும். அந்த வாய்க்கு உட்பக்கமாகக் கால் அங்குலக் கண் உள்ள ஸ்ரெயின்லெஸ் வலை வெட்டிப் பொருத்தலாம்.

பூச்சி உருண்டை, புதினா எண்ணெய், காதுக்குக் கேட்காத ஒலி போடும் கருவி மூன்றையும் வாங்கினேன், அந்தச் செலவைக் கணக்கில்கூடச் சேர்க்கவில்லை. பூச்சி உருண்டையின் ஆவி ஏசி வழியாக உள்ளே வந்து எங்களுக்குத்தான் தலையிடி. எண்ணெய் என்ஜின் சூட்டில் இரண்டு நாளில் பறந்துவிடும். ஒலிக்கு எலி சில நாளில் பழகிவிடும். பலன் தந்தது வேறு: காரை மரத்துக்குக் கீழிருந்து முற்றத்து நடுவுக்கு மாற்றியது, மழையில்லாத இரவுகளில் பொனட்டைத் திறந்துவிட்டு வெளிலைற் ஒன்றை அதற்கு மேலே எரியவிட்டது, நாய்ச் சாப்பாட்டுத் தட்டை இரவில் கழுவி வைத்தது, நாலு சில்லுக்குப் பக்கத்திலும் ஒவ்வொரு பொறி. எலிக்கு மறைவும் இருளும் சூடும் வேண்டும், இரண்டை எடுத்துவிட்டால் மூன்றாவதுக்காக மட்டும் அது வராது.

தை பிறந்த பிறகுதான் செய்யவேண்டிய முதல் வேலையைச் செய்தேன். இரவு படுக்குமுன் சுவரோரங்களிலும் அலுமாரிக்குக் கீழும் விறாந்தை மூலையிலும் கோதுமை மாவை மெல்லியதாகத் தூவினேன். எலி திறந்த இடத்தால் ஓடாது. மீசை சுவரில் உரசும்படி ஒட்டியே போகும். விடியப் பார்த்தால் காலடித் தடம் வரைபடம் போட்டதுபோல் கிடந்தது. நடுப்பகலில் லைற் எல்லாம் அணைத்துவிட்டுச் சீலிங்குக்குள் ஏறினேன். வெளிச்சம் தெரிந்த இடமெல்லாம் வாசல். பாதை இப்படி: மாமரக் கிளையால் கூரைக்கு, அஸ்பெஸ்டஸ் சீற்றின் அலை சுவரில் உட்காரும் இடத்துச் சந்தால் சீலிங்குக்கு, ஏசிக் குழாய் போகும் ஓட்டையால் மாமாவின் அறைக்கு. திரும்பி அதே மரத்தால் இறங்கினால் கீழே கார். சந்துகளின் விளிம்பில் எலி உடம்பு உரசி உரசி எண்ணெய்க் கறை கறுப்பாகப் படிந்திருந்தது. மூன்று மாதமாக அது அங்கேதான் இருந்திருக்கிறது.

புழுக்கையைப் பார்த்து ஆளை அறியலாம். அரிசி மணியளவு என்றால் சுண்டெலி. அரை அங்குலம் நீளம், இரு முனையும் கூர் என்றால் கூரையில் ஓடும் வீட்டெலி. அதைவிடப் பெரிதாக, வளவில் மண் கிளறிய பொந்தோடு இருந்தால் அகழான். சுண்டெலிக்குக் கால் அங்குலச் சந்து போதும், பென்சில் நுழைந்தால் அதுவும் நுழையும். வீட்டெலிக்கு அரை அங்குலம். இந்த வேறுபாடு பொறி வைக்கும்போதும் தேவைப்படும். சுண்டெலி புதுப் பொருளை ஆவலாய் வந்து பார்க்கும். வீட்டெலியோ புதிதாக எது வைத்தாலும் பல நாள் ஒதுங்கியே போகும். அதனால்தான் ஒரு பொறி வாங்கி, ஒரு இரவு வைத்து, படவில்லை என்று தூக்கி எறிகிறோம். அடிக்கும் பொறி எட்டு வாங்கினேன், 4,800 ரூபா. ஐந்து இரவு விசையைப் பூட்டாமல் சுட்ட தேங்காய்த் துண்டு மட்டும் வைத்தேன். தின்று பழகட்டும் என்று. ஆறாம் இரவு தேங்காயை நூலால் இறுக்கிக் கட்டி விசையைப் பூட்டினேன். பொறி சுவருக்குக் குறுக்காக, தீன் இருக்கும் பக்கம் சுவரைத் தொட்டபடி இருக்கவேண்டும். முதல் இரவு நாலு. ஒன்பது நாளில் மொத்தம் பதினொன்று. பிறகு மூன்று இரவு தொடர்ந்து ஒன்றும் படவில்லை, மாவிலும் தடமில்லை.

அதற்குப் பிறகுதான் கடைசி ஓட்டையை அடைத்தேன். உள்ளே எலியை வைத்துக்கொண்டு அடைத்தால் அது புது வழி அரிக்கும், அல்லது உள்ளேயே சாகும். சீற் அலைச் சந்துகளில் கால் அங்குலக் கண் உள்ள, நாகம் பூசிய ஜி.ஐ. இரும்பு வலையை மடித்துத் திணித்து, மேலே சீமெந்து ஒன்று, மணல் மூன்று கலவை பூசினோம். கோழி வலையின் கண் பெரிது, சுண்டெலி நடந்தே போகும். சந்து அடைக்கும் ஸ்பிரே நுரை எலிக்குக் கேக் மாதிரி. இரும்பு வயர்ப் பஞ்சை எங்கும் சிபாரிசு செய்வார்கள், கடற்கரை ஊரில் அது சில மாதத்தில் துருவாகக் கொட்டிவிடும். ஸ்ரெயின்லெஸ் பஞ்சு வாங்குங்கள். ஏசிக் குழாயைச் சுற்றி முன்பு வைத்திருந்த களிப்பசையை எலி பால்ரொட்டி மாதிரித் தின்றிருந்தது, அங்கே அந்தப் பஞ்சை இறுக்கி அதன்மேல் கலவை வைத்தோம். கதவின் அடிச்சந்துக்கு அலுமினியப் பட்டி. அஸ்பெஸ்டஸ் சீற்றை வெட்டவோ துளைக்கவோ உரசவோ வேண்டாம், அந்தத் தூள் எலியைவிட மோசம். மேசனார் கூலி, வலை, சீமெந்து, கிளை வெட்டிய காசு எல்லாமாக 23,500. முதல் நாளே செய்திருந்தால் செலவு இதோடும் பொறிகளோடும் முடிந்திருக்கும்.

கிளையைக் கூரையிலிருந்து ஆறு அடிக்காவது விலக்கி வெட்டவேண்டும், வீட்டெலி நாலு அடி தாராளமாகப் பாயும். கூரையோரம் தென்னை நின்றால் ஆளுயரத்துக்கு மேலே இரண்டு அடி அகலத் தகரத்தை மரத்தைச் சுற்றி இறுக்கி அடித்தால் எலியின் நகம் வழுக்கும். பக்கத்து மரத்தின் ஓலை தொட்டுக்கொண்டிருந்தால் அந்தத் தகரத்தால் பலனில்லை.

மிஞ்சிய புகையிலை இப்போது முழுக்கக் கண்ணாடிப் போத்தலில். போத்தலைக் கழுவினால் ஒரு நாள் வெயிலில் காயவிட்டு, உட்பக்கம் ஒரு துளி ஈரமும் இல்லாமல் பார்த்துத்தான் நிரப்பவேண்டும். பைப் புகையிலையில் 13 முதல் 15 வீதம் ஈரம் இருப்பது அளவு, அதற்கு மேலே போகப் போகப் பூஞ்சணம் பிடிக்கும் வாய்ப்புக் கூடும். துருப்பிடித்த மூன்று டின்னில் இருந்ததையும் பூஞ்சணம் இல்லையென்று பார்த்து மாற்றிவிட்டேன். நல்ல டின்களை மூடியுள்ள பிளாஸ்ரிக் டப்பாவில் போட்டு, அதைப் பழைய றங்குப்பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். டப்பா உப்புக்காற்றுக்கு, றங்குப்பெட்டி எலிக்கு. போத்தலில் நாள் எழுதி ஒட்டினேன். மாமா வந்து ஒன்றைத் திறந்து மணந்துவிட்டு, "இது எலி தின்னாத வகையோ, தின்ற வகையோ?" என்று கேட்டார். அவ்வளவுதான் ஏச்சு.

மாதத்துக்கு ஒரு இரவு மாவு தூவுகிறேன். போன கிழமை சீலிங் பக்கம் சுத்தம். ஆனால் மாமரம் ஆவணி வெயிலில் துளிர்த்து, ஒரு கிளை கூரைக்கு மூன்று அடிக்குள் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வெட்ட ஆள் வரச் சொல்லியிருக்கிறேன்.